பேச்சுக்குப் போட்ட பூட்டு

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல நான் கல்வெட்டு பற்றி எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை வேறு விஷயம்.

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. 1970களில் பம்பாயில் அவன் படித்த பள்ளியில் வாயால்தான் பேசணும். கையை அசைத்தால் அடி. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பள்ளியில் அவன் படித்தது மராட்டி உதடு. வீட்டில் அம்மாவுக்கோ தமிழ் உதடு. அம்மா சொல்வது அவனுக்குப் பிடிபடவில்லை. எங்கள் பாத்திரக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து என்னோடு விரலால்தான் பேசுவான். இந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்று, கடை அடைத்த பிறகு பல வருஷம் படித்தேன்.

ஆரம்பத்தில் வாய்க்கும் கைக்கும் சண்டை இல்லை. 1620இல் மத்ரீத் நகரில் ஹுவான் பாப்லோ போனெட் அச்சிட்ட நூல் காது கேளாதவரைப் பேசவைக்கும் வழியைச் சொல்கிறது. அதிலேயே விரலெழுத்துப் படங்களும் இருக்கின்றன.

ஸ்காட்லாந்தில் தாமஸ் பிரெய்ட்வுட் 1760இல் எடின்பரோவில் பள்ளி தொடங்கினார். முதல் மாணவன் ஒரு வியாபாரியின் மகன். நாக்கை எங்கே வைப்பது என்று காட்ட ஒரு சிறு வெள்ளிக் கருவி வைத்திருந்தாராம். 1773இல் டாக்டர் ஜான்சன் அங்கே போய், ஒரு பெண்ணிடம் மூன்று இலக்க எண்ணை இரண்டு இலக்க எண்ணால் பெருக்கச் சொன்னார். அவள் சரியாகப் போட்டாள். வியாபாரியான எனக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடித்தது.

ஆனால் பிரெய்ட்வுட் குடும்பம் அந்த முறையைத் தொழில் ரகசியமாகவே வைத்திருந்தது. 1815இல் அமெரிக்காவிலிருந்து தாமஸ் காலடெட் என்ற பாதிரியார் அதைக் கற்க வந்தார். லண்டனில் அந்தக் குடும்பத்து உறவினர் நடத்திய பள்ளியில், "வருஷக்கணக்கில் உதவியாளராக இரு" என்றார்கள். எடின்பரோ ஆசிரியரோ ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார். காலடெட் பாரிஸுக்குப் போனார். அங்கே சைகை வழிக் கல்வி. கதவு திறந்தே இருந்தது. காது கேளாத ஆசிரியர் லாரன் கிளெர்க்கை 1816இல் கப்பலில் கூட்டிவந்து, 1817இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தார். சரக்கைப் பூட்டிவைத்தவர்கள் ஒரு கண்டத்தையே இழந்தார்கள் என்பது என் கணக்கு.

பிறகு காற்று திசை மாறியது. 1880 செப்டம்பரில் மிலான் நகரில் கூடிய மாநாட்டில் 164 பேர். அதில் காது கேளாதவர் ஒரே ஒருவர். பேச்சு முறையே உயர்ந்தது என்ற தீர்மானத்தை எதிர்த்தவை நாலே வாக்குகள். அதன்பின் பல நாட்டுப் பள்ளிகளில் சைகை விலக்கப்பட்டது, காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். நம் நாட்டில் பம்பாயில் 1880களிலும் கல்கத்தாவில் 1893இலும் பள்ளிகள் வந்தன. அந்தக் காலத்துக் காற்று இங்கேயும் வீசியது.

பேச்சுப் பயிற்சியை நான் குறை சொல்ல மாட்டேன். தம்பி "அம்மா" என்று வாயால் சொன்ன அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். கையைக் கட்டிப்போட்டதைத்தான் சொல்கிறேன்.

2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசை, மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. தாளில் எழுதித் தம்பியிடம் நீட்டினேன். படித்துவிட்டு, எத்தனை வருஷம் என்று விரலால் கேட்டான். நூற்று முப்பது என்று காட்டினேன்.