ஒரு வழுவைத் திருத்தினால் போதுமா?

சாரல் காலத்தில் சிற்றாறு கலங்கி வந்தால் மெயினருவியை மட்டும் பார்த்துக் காரணம் சொல்லிவிட முடியாது. ஐந்தருவித் தண்ணீரும் அனுமன் நதியும் அதே ஆற்றில்தான் சேர்கின்றன. மென்பொருளில் வழு தேடுவதும் இப்படித்தான். ஒரு தவறான விடைக்குப் பின்னால் பல வழுக்கள் இருக்கலாம். இதை உலகம் கற்றுக்கொண்ட வரலாறு கசப்பானது.

கனடாவில் தயாரான தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் இறந்தே போனார்கள். 1986-இல் அமெரிக்காவின் டைலர் நகரில் காரணம் ஒன்று பிடிபட்டது. இயக்குபவர் திரையில் விவரங்களை வேகமாகத் திருத்தினால், அந்த மாற்றத்தை நிரல் கவனிக்கத் தவறியது. தற்காலிகத் தீர்வாக, மேல் அம்புக்குறி விசையையே கழற்றிவிடும்படி நிறுவனம் சொன்னது! ஆனால் 1987 ஜனவரியில் யாக்கிமா நகரில் மீண்டும் விபத்து. இம்முறை காரணம் வேறு. 8 பிட் எண்ணி ஒன்று ஒவ்வொரு 256-ஆவது தடவையும் பூச்சியமாகிவிட, பாதுகாப்புச் சோதனை நடக்காமலேயே போனது. முதல் வழுவை முழுதாகத் திருத்தியிருந்தாலும் இது அப்படியே இருந்திருக்கும்.

2002-இல் ஜேம்ஸ் ஜோன்ஸ், மேரி ஜீன் ஹாரோல்ட், ஜான் ஸ்டாஸ்கோ ஆகியோர் டாரன்டுலா என்ற முறையை வெளியிட்டார்கள். தோற்ற சோதனைகள் அதிகம் தொட்ட வரிகளைச் சிவப்பாகவும், வென்றவை தொட்டதைப் பச்சையாகவும் அது காட்டும். ஆனால் இரண்டு வழுக்கள் இருந்தால் தோல்விகள் ஒன்றோடொன்று கலந்து நிறமும் குழம்பும். எனவே 2007-இல் ஜோன்ஸ், பௌரிங், ஹாரோல்ட் மூவரும் வேறு வழி சொன்னார்கள். தோற்ற சோதனைகளை முதலில் குழுக்களாகப் பிரி. குழுவுக்கு ஒரு வழு என்று ஒரே நேரத்தில் பலர் தேடலாம்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2 தரையிறங்கி நிலவில் மோதியது. காரணம் ஒன்றல்ல என்று இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் 2023-இல் விளக்கினார். எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிட அதிகம். வேகமாகத் திரும்ப வேண்டிய நேரத்தில் மென்பொருள் விதித்திருந்த வரம்பு தடுத்தது. இறங்கும் இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். மூன்றையும் சரிசெய்ததோடு, இன்னும் எதெல்லாம் தவறலாம் என்று யோசித்தே அடுத்ததை வடிவமைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறைக்கு 2011-இல் ஸோஹோ வந்தபின், நிரல் எழுதுவது நம் ஊருக்கும் சொந்தத் தொழிலாகிவிட்டது. நண்பர்களே, ஒரு வழு கிடைத்தவுடன் கணினியை மூடிவிடாதீர்கள். எல்லாச் சோதனைகளையும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். அடுத்த வழு அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.