ஆனைமங்கலம்: விகாரை போச்சு, ஊர் இருக்கு

நான் டூட்டி பார்க்கிறது தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்துல. இன்னைக்குச் சொல்லப்போறது இன்னொரு மங்கலத்தோட கதை. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

1) நாகப்பட்டினம் மாவட்டம் கீழ்வேளூர் பக்கம் ஆனைமங்கலம்னு ஒரு ஊர். போனீங்கன்னா நெல்வயல்தான் தெரியும். ஆயிரம் வருஷம் முன்னாடி இந்த ஊர் நெல்லு ஒரு புத்த மடத்துக்குச் சோறு போட்டது.

2) சுமத்ராவில் இருந்த ஸ்ரீவிஜய அரசர் சூளாமணிவர்மன் நாகையில் ஒரு விகாரை கட்ட ஆரம்பிச்சார். மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடிச்சார்.

3) அதுக்குக் கி.பி. 1006 வாக்கில் ஆனைமங்கலத்தைத் தானமா கொடுத்தவர் ராஜராஜ சோழன். தஞ்சைப் பெரிய கோயில் எழும்பிக்கிட்டிருந்த அதே காலம்! சிவபக்தர்தான், ஆனா புத்த பிக்குகளுக்கும் ஒரு ஊரையே கொடுத்தார். இப்படிக் கொடுக்கும் நிலத்துக்குப் பள்ளிச்சந்தம்னு பேர்.

4) பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறிச்சாங்க. நிலம் 97 வேலிக்கு மேல். வரி நெல் 8,943 கலத்துக்கு மேல்.

5) இவ்வளவு துல்லியமா எப்படித் தெரியும்? அவர் மகன் ராஜேந்திரன் இதைச் செப்பேட்டில் பொறிக்க வெச்சார். 21 ஏடு: 5 சமஸ்கிருதம், 16 தமிழ். பின்னாடி அது ஹாலந்து போய்ச் சேர்ந்ததால லெய்டன் செப்பேடுன்னு பேராச்சு.

6) ஐரோப்பாவில் 1098-ல் தொடங்கின சிஸ்டர்சியன் துறவிகள் மடத்தைச் சுத்தியே நிலம் வெச்சு, தாங்களே உழைச்சாங்க. அங்க மடம் அழிஞ்ச பிறகும் பல ஊர்ல இடிஞ்ச சுவராவது மிச்சம் இருக்கு. நம்ம கதையில மடம் நாகையில், வயல் ஆனைமங்கலத்தில். உழுதவங்க ஊர்க்காரங்க. அதனால மடத்தோட தடம் வயல்ல தெரியாது, ஏட்டில்தான் தெரியும்.

7) நாகையில் மிஞ்சியிருந்த பௌத்தச் செங்கல் கோபுரத்தை 1867-ல் இயேசு சபையினர் இடிச்சாங்க, பிரிட்டிஷ் அரசு அனுமதியோட. அந்த ஊர் மண்ணில் கிடைச்ச 350-க்கும் மேற்பட்ட புத்த வெண்கலச் சிலைகள்ல சிலதை எழும்பூர் அருங்காட்சியகத்துல பார்க்கலாம்.

8) நோயாளியோட பழைய கேஸ் ஷீட் தொலைஞ்சா டாக்டர் எவ்வளவு தடுமாறுவார்னு எனக்குத் தெரியும். ஊருக்கும் அப்படித்தான்.

9) எங்க தருமபுரி பக்கம் வயல்லயும் ஏரிக்கரையிலயும் நடுகற்கள் நிறைய. உங்க ஊர்ல ஒண்ணு சாய்ஞ்சு கிடந்தா துணி துவைக்கப் பயன்படுத்தாதீங்க. போட்டோ எடுங்க, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. செப்பேடு இல்லாத ஊருக்கு அந்தக் கல்லுதான் சாட்சி.