ஓட்டப் போட்டி: ஒலிம்பியாவும் கண்டியும்

ஓட்டப் போட்டி, குறித்த தூரத்தை யார் முந்திக் கடக்கிறார் என்று காணும் விளையாட்டு. வென்றவர் பெயரை ஆண்டு வரிசையில் எழுதிவைக்கும் வழக்கத்தைக் கிரேக்கரிடம் காண்கிறோம். இலங்கைக்கு அதன் இன்றைய வடிவம் ஆங்கிலேயர் காலப் பள்ளிக்கூடங்கள் வழியே வந்தது. நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமும் கண்டியில் படித்த ஓர் ஓட்டக்காரரால் கிடைத்ததே.

மரபுக் கணக்கின்படி கி.மு. 776இல் கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் நடந்த முதல் விழாவில் வென்றவர் எலிஸ் ஊரைச் சேர்ந்த கொரொய்போஸ் என்ற சமையற்காரர். முதல் பதின்மூன்று விழாக்களிலும் இருந்தது ஒரேயொரு போட்டி: ஓடுகளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடும் ‘ஸ்தாதியோன்’. ஒலிம்பியாவில் அதன் நீளம் ஏறக்குறைய 192 மீற்றர். அளவு 600 அடி என்றாலும் அடியின் நீளம் ஊருக்கு ஊர் வேறுபட்டதால், டெல்ஃபியின் ஓடுகளம் சுமார் 178 மீற்றரே. கி.மு. 724இல் போய்த் திரும்பும் ‘தியவ்லோஸ்’, 720இல் நெடுந்தூர ‘தொலிகோஸ்’, 520இல் தலைக்கவசமும் கேடயமும் தாங்கி ஓடும் ஓட்டம் என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மணமாகாத பெண்களுக்கு ஹேரா தெய்வத்தின் விழாவில் தனி ஓட்டம் இருந்தது. அவர்களுக்குக் களத்தின் நீளத்தில் ஆறிலொரு பங்கு குறைக்கப்பட்டது.

ஆண்கள் உடலில் ஒலிவ் எண்ணெய் பூசி, ஆடையின்றி ஓடினர். தொடக்கக் கோடாகப் பதிக்கப்பட்ட கற்பலகையில் இரண்டு பள்ளங்கள் வெட்டியிருக்கும். கால்விரல்களை அவற்றில் பதித்து நின்றபடியே புறப்படுவார்கள். முந்திப் புறப்பட்டவருக்குப் பிரம்படி. கைலஞ்சம் கொடுத்துப் பிடிபட்டவர்களிடம் அறவிட்ட தண்டப் பணத்தில் ஸேயுஸ் கடவுளுக்கு வெண்கலச் சிலைகள் வார்த்து, களத்துக்குள் நுழையும் வழியிலேயே வரிசையாக நிறுத்தினார்கள். ஓட வருகிறவன் அவற்றைக் கடந்துதான் போகவேண்டும். இதைவிடக் கூரிய எச்சரிக்கைப் பலகையை இன்றைய விளையாட்டுச் சங்கங்கள் எதுவும் வைத்ததாகத் தெரியவில்லை.

கிரேக்கர் நேரத்தை அளக்கவில்லை. இரண்டாம் இடத்துக்கும் பரிசில்லை. ஒலிவ் இலை முடி ஒருவருக்கு மட்டுமே. ஸ்தாதியோனில் வென்றவரின் பெயராலேயே அடுத்த நான்கு ஆண்டுகளும் குறிக்கப்பட்டன. ரோட்ஸ் தீவின் லியோனிதாஸ் கி.மு. 164 முதல் 152 வரை நான்கு விழாக்களில் தொடர்ந்து மும்மூன்று ஓட்டங்களை வென்று பன்னிரண்டு முடிகள் சூடியவர். அவர் எத்தனை வேகமாக ஓடினார் என்பதை அறிய இனி வழியில்லை. மரதன் ஓட்டத்தையும் பலர் அக்காலத்ததாக எண்ணுகிறார்கள். அது 1896இல் ஏதென்ஸில் நடந்த நவீன ஒலிம்பிக்குக்காகப் புதிதாக அமைக்கப்பட்டது.

தடைதாண்டி ஓட்டமும் கிரேக்கரிடம் இல்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆக்கம். அந்தப் போட்டியில்தான் இலங்கை உலகின் கண்ணில் பட்டது. களுத்துறைப் பக்கத்தில் பிறந்து கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த டங்கன் வைட், நாடு விடுதலை பெற்று ஆறு மாதம் நிறையுமுன், 1948 ஜூலை 31 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் 51.8 செக்கனில் ஓடி வெள்ளி பெற்றார். தங்கம் வென்ற அமெரிக்கர் ரோய் கொக்ரனின் நேரம் 51.1. இலங்கை பங்குபற்றிய முதல் ஒலிம்பிக் அதுவே. 1950இல் ஒக்லாந்து பேரரசு விளையாட்டு விழாவில் 440 யார் தடைதாண்டி ஓட்டத்தில் வைட் தங்கமே வென்றார். ஆனாலும் இலங்கையர் அவரை நினைப்பது அந்த இரண்டாம் இடத்தால்தான். ஒலிம்பியாவில் ஓடியிருந்தால் அவர் பெயரை எவரும் குறித்திருக்கமாட்டார்கள்.

அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 52 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடிய சுசந்திகா ஜயசிங்கவுக்கு முதலில் கிடைத்தது வெண்கலம். முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2007இல் ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார். 2009 டிசம்பரில் சுசந்திகாவின் பதக்கம் வெள்ளியாக உயர்ந்தது. தங்கம் 22.27இல் ஓடிய பஹாமாஸ் வீராங்கனை போலின் டேவிஸ்-தொம்ஸனுக்குப் போனது. ஒரு செக்கனின் நூறிலொரு பங்கு! நேரம் அளக்காத கிரேக்க நடுவர்கள் இவர்களைக் கண்ணால் எப்படிப் பிரித்திருப்பார்களோ. இலங்கைக்கு 2024 வரை கிடைத்த ஒலிம்பிக் பதக்கங்கள் இந்த இரண்டும்தான். இரண்டும் ஓட்டத்தில், இரண்டும் வெள்ளி.

இன்று மலையகத்தில் ஓட்டம் வேரூன்றியிருப்பது பாடசாலைகளில். நாவலப்பிட்டியிலும் சுற்றுத் தோட்டப் பாடசாலைகளிலும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் பெரும்பாலும் முதலாம் தவணையில் நடக்கும். மழைக்குப் பெயர்போன ஊரில் மைதானம் காய்ந்து கிடப்பது அப்போதுதான். சுண்ணாம்பால் சுவடு கீறி, 100 மீற்றர் முதல் 1500 மீற்றர் வரையும், கடைசியில் ஊரே ஆரவாரிக்கும் அஞ்சலோட்டமும் நடத்துவார்கள். வென்ற பிள்ளைகள் வலயம், மாகாணம், தேசியம் என்று படியேற வேண்டும். இல்லக் கிண்ணத்துக்கு இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கும் புள்ளி உண்டு. முதலிடங்கள் குறைந்த இல்லமும் அந்தப் புள்ளிகளால் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு போவதுண்டு.