சமநிலையா, சாய்வா? தாவோவியத்தில் யின்–யாங்

கறுப்பும் வெள்ளையுமான இரண்டு மீன்கள் ஒன்றையொன்று துரத்திச் சுழலும் வட்டம் இன்று தாவோவியத்தின் முத்திரையாகவே ஆகிவிட்டது. 1947இல் டென்மார்க்கின் யானை விருதைப் பெற்ற இயற்பியலாளர் நீல்ஸ் போர் தம் குலச்சின்னத்தில் அதைத்தான் பொறித்துக்கொண்டார். ஆனால் தாவோவியத்தின் மூலநூல்களான லாவோட்சுவின் நூலும் ஜுவாங்ட்சுவின் நூலும் இந்த வட்டத்தை அறியா. சோங் காலத்து ஜோ துன்யி (1017–1073) விளக்கவுரை எழுதிய 'தாய்ஜி' வரைபடத்தில்கூட ஒன்றனுள் ஒன்றாக அமைந்த அரைவளையங்கள்தாம் உள்ளன. மீன்களைக் காண, மிங் காலத் தொடக்கத்தில் ஜாவ் ஹுவெய்சியான் (1351–1395) எழுதிய எழுத்தியல் நூல் வரை வர வேண்டும். பிற்காலத்துப் படம் ஒன்று முற்காலத்து நூல்களை வாசிக்கும் கண்ணாடியாகிவிட்டது. அதன் வழியே பார்ப்பவருக்குத் தாவோவியம் முழுவதும் 'எதிர்களின் சமநிலை' என்றே தெரிகிறது.

என் வாதம் வேறு. சமநிலை என்னும் கருத்தை வளர்த்தவர்கள் முதன்மையாக மருத்துவர்களும் காலக்கணிதரும் அரசவை அறிஞர்களும். தாவோவியர் தங்கள் நூல்களிலும் பயிற்சிகளிலும் ஏதேனும் ஒரு பக்கம் சாயவே முயன்றார்கள். எந்தப் பக்கம் என்பதுதான் காலந்தோறும் மாறியது.

மருத்துவத்திலிருந்து தொடங்கலாம். கி.மு. 541இல் ஜின் நாட்டுக் கோமகன் பிங் நோயுற்றபோது சின் நாட்டிலிருந்து ஹ என்ற மருத்துவர் அனுப்பப்பட்டதை 'ட்சுவோ ஜுவான்' என்ற வரலாற்று நூல் பதிவு செய்கிறது. அவர் சொன்ன நோயியலில் வானத்தின் ஆவிகள் ஆறு: யின், யாங், காற்று, மழை, இருள், ஒளி. யின் மிகுந்தால் குளிர்நோய், யாங் மிகுந்தால் வெப்பநோய், காற்று மிகுந்தால் கைகால் நோய், மழை மிகுந்தால் வயிற்றுநோய், இருள் மிகுந்தால் மயக்கம், ஒளி மிகுந்தால் நெஞ்சுநோய். அளவு மீறினால் கேடு என்ற எண்ணம் இங்கே முழுமையாக இருக்கிறது. ஆனால் யின்னும் யாங்கும் ஆறில் இரண்டு மட்டுமே; அண்டத்தைத் தாங்கும் இணையாக அவை இன்னும் ஆகவில்லை. அளவு பேணும் இதே எண்ணத்தைத்தான் பின்னாளில் 'ஹுவாங்தி நெய்ஜிங்' மருத்துவ நூல் விரித்தது. ஹான் காலத்துக் கன்பூசிய அறிஞர் தோங் ஜோங்ஷு இதை அரசாட்சிக்குள் கொண்டுவந்தார். மழை பொய்த்தால் யாங்குக்குரிய வாயில்களை அடைத்து யின்னுக்குரியவற்றைத் திறக்க வேண்டும். மழை விடாது பெய்தால் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும் என்பது அவருடைய முறை. சமநிலையைக் கையாளும் உத்தி என்றால் இதுதான். இதைச் செய்தவர் தாவோவியர் அல்லர்.

சிந்தனை மரபுகளை ஆறாகப் பகுத்த சீமா தான் (இறப்பு கி.மு. 110) யின்–யாங் மரபை ஒன்றாகவும் தாவோ மரபை வேறொன்றாகவும் வைத்தார் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பின்னது முன்னதிலிருந்து கடன் வாங்கியது என்று அவர் கருதினாரே தவிர, இரண்டையும் ஒன்றாக்கவில்லை.

இனி லாவோட்சு. 'தாவோ தே ஜிங்'கின் 81 இயல்களில் யின், யாங் என்ற சொற்கள் ஒரே ஓர் இடத்தில், 42ஆம் இயலில், வருகின்றன. 1993இல் ஹூபெய் மாநிலம் குவோதியானில், கி.மு. 300ஐ ஒட்டிய கல்லறை ஒன்றில் கிடைத்த மூங்கில் ஏடுகளில் அந்த இயல் இல்லை. அதே ஏடுகளோடு கிடைத்த, நீரின் பிறப்பைப் பற்றிய குறுநூல் ஒன்றில் யின்னும் யாங்கும் உள்ளன என்பது உண்மையே. ஆனால் அங்கே அவை நான்கு பருவங்களுக்கும், தட்ப வெப்பத்துக்கும், இறுதியில் ஆண்டு என்னும் சுற்றுக்கும் வழிவிடும் ஒரு படி. ஆட்சி செய்வது காலக்கணிதம்தான்.

இந்தக் கேள்விக்கு நேரடிச் சான்று மாவாங்துய் பட்டுச்சுவடி. கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து 1973இல் வெளிவந்த லாவோட்சுவின் இரண்டு படிகளில் ஒன்றுக்கு முன்னால், அதே பட்டில், 'செங்' என்ற சிறு நூல் எழுதப்பட்டிருக்கிறது. அதன் இறுதியில் ஒரு பட்டியல். வானம் யாங், நிலம் யின். கோடை யாங், குளிர்காலம் யின். பெருநாடு யாங், சிறுநாடு யின். ஆண் யாங், பெண் யின். தந்தை யாங், மகன் யின். பேச்சு யாங், மௌனம் யின். கொடுப்பது யாங், பெறுவது யின். இணைகள் சமமாக நிற்கவில்லை. ஒரு வரிசை ஆள்கிறது, மற்றது ஆளப்படுகிறது. பட்டை மேலும் விரித்து லாவோட்சுவுக்கு வந்தால் அந்த இரண்டாம் வரிசை தலைமை பெறுகிறது: பெண்மை, தாழ்நிலம், நீர், மௌனம், சிறுநாடு, மென்மை. சீனவியல் அறிஞர் ஏ. சி. கிரஹாம் இதைத் தெளிவாகக் கண்டவர். எதிர்களின் அட்டவணையை லாவோட்சு அழிக்கவில்லை. எது மேல் என்ற தேர்வைத் தலைகீழாக்கினார் என்பது அவர் முடிவு.

இப்படித் தலைகீழாக்குவதால் என்ன பயன்? மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும் என்று எல்லாம் ராட்டினம்போலச் சுற்றுமானால், பள்ளத்தில் இரு என்ற அறிவுரைக்குப் பொருளே இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேலே போய்த்தான் ஆக வேண்டும். இந்தச் சிக்கலை 1958இல் எழுப்பியவர் சீனவியல் அறிஞர் டி. சி. லாவ். அவர் தந்த விடை, இயக்கம் ராட்டினம் அன்று, குழந்தைகளின் சறுக்குமரம் என்பது. ஏறுவது மெல்ல, முயன்று; உச்சி தாண்டினால் விழுவது உறுதி. ஆகவே ஏறாமல் இருப்பது ஒருவரால் இயலும். இந்த விளக்கம் எல்லா இயல்களுக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சமநிலை வாசிப்பால் விளக்கவே முடியாத ஒன்றை, அதாவது லாவோட்சுவின் பிடிவாதமான ஒருபக்கச் சார்பை, இது விளக்குகிறது.

42ஆம் இயலை எதிர்ச்சான்றாகக் காட்டலாம். அங்கே யின்னும் யாங்கும் கலந்து இணக்கம் உண்டாவதாகச் சொல்லப்படுகிறதே என்று கேட்கலாம். சொல்லப்படுகிறதுதான். ஆனால் அது பொருள்கள் எப்படி உருவாகின்றன என்ற விவரிப்பு. மனிதன் எதை நாட வேண்டும் என்று வரும்போது, அரசர்கள் தங்களை அனாதை என்றும் தகுதியற்றவன் என்றும் அழைத்துக்கொள்வதைத்தான் அதே இயல் அடுத்ததாக எடுத்துக்காட்டுகிறது. இணக்கத்திலிருந்து தாழ்வுக்கு ஒரே தாவல்.

ஜுவாங்ட்சுவில் யின்–யாங் இன்னும் உடலோடு ஒட்டியது. நான்காம் இயலில் ஷ என்ற ஊரின் பிரபு, சி நாட்டுக்குத் தூது செல்லக் காலையில் ஆணை பெறுகிறார். மாலைக்குள் பனிநீர் குடித்துக்கொண்டிருக்கிறார், உள்ளே அவ்வளவு எரிச்சல். தூது தோற்றால் மன்னர் தண்டிப்பார்; வென்றாலும் யின்–யாங் குலைந்து நோய் வரும். கதைக்குள் வரும் கன்பூசியஸ் அவருக்குக் குலைந்ததைச் சரிசெய்யும் வழி எதையும் கற்பிக்கவில்லை. தவிர்க்க முடியாததை ஏற்று உன்னை மற என்கிறார். ஆறாம் இயலில் சாகக் கிடக்கும் ஒருவருக்கு யின்–யாங் பெற்றோரைவிடப் பெரிய அதிகாரம். அவை சாகச் சொன்னால் மறுப்பது முறையன்று. சமநிலை இங்கும் இலக்கன்று.

சாய்வு திசை மாறியது அகரசவாதத்தில். தாவோவியத் துறவிகள் உடலையே உலையாக்கிக்கொண்ட இந்தப் பயிற்சியின் முதன்மை நூல்களில் ஒன்று ஜாங் போதுவானின் 'வூஜென் பியான்' (1075). அதன் அடிப்படைச் செயல் கோடுகளால் ஆனது; முழுக்கோடு யாங், முறிந்த கோடு யின். நீருக்குரிய 'கான்' குறியில் இரண்டு முறிந்த கோடுகளுக்கு நடுவே ஒரு முழுக்கோடு. நெருப்புக்குரிய 'லி' குறியில் இரண்டு முழுக்கோடுகளுக்கு நடுவே ஒரு முறிந்த கோடு. நீரின் வயிற்றிலிருக்கும் யாங்கை எடுத்து நெருப்பின் வயிற்றில் வைத்தால் மூன்றும் முழுக்கோடுகளாகின்றன. அதுவே வானத்தைக் குறிக்கும் 'சியான்'. இரண்டையும் சரிக்குச் சரியாக நிறுத்துவது இங்கே இலக்காகாது. கலப்பிலிருந்து யின்னை நீக்கித் தூய யாங் ஆவதே இலக்கு. பேய் முழு யின், அமரர் முழு யாங், மனிதர் இரண்டுக்கும் இடைப்பட்டவர் என்பது இம்மரபின் பாடம். அமரர் லூ தோங்பின்னின் பட்டப்பெயரே தூய யாங். ஷான்சி மாநிலத்து யோங்லே ஆலயத்தில் அவர் வாழ்க்கையைச் சுவரெல்லாம் தீட்டிய மண்டபம் (ஓவியங்கள் 1358இல் முடிந்தன) அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

லாவோட்சு யின்னின் பக்கம், அகரசவாதிகள் யாங்கின் பக்கம். இருவருக்கும் பொதுவானது இயல்பான ஓட்டத்துக்கு எதிரே திரும்புவது. ஓட்டத்தோடு போனால் குழந்தை பிறக்கும், எதிர்த்துப் போனால் அமரத்துவம் என்பது அகரசவாதிகளின் கணக்கு. திரும்புதலைத் தாவோவின் இயக்கமாகக் கண்ட லாவோட்சுவின் 40ஆம் இயலுக்கு இது தூரத்து உறவுதான்; உறவில்லை என்று சொல்ல முடியாது.

யாங் பக்கச் சாய்வின் விலையைக் கொடுத்தவர்கள் பெண்கள். சுவான்ஜென் என்ற தாவோவியத் துறவு மரபின் ஏழு சித்தர்களுள் ஒருவராகச் சுன் பூஅர் (1119–1182) என்ற பெண்மணி போற்றப்பட்டார். ஆனாலும் சிங் காலத்தில் பெண்களுக்கெனத் தனி அகரசக் கையேடுகள் பெருகின. ஆண் விந்தைத் தடுப்பதற்கு 'வெள்ளைப் புலியை அடக்குதல்' என்று பெயர். பெண் மாதவிடாயை நிறுத்துவதற்கு 'சிவப்பு டிராகனை வெட்டுதல்'. அதில் வென்றவளின் உடல் ஆணுடல் போலாகிவிடும் என்று கையேடுகள் சில உறுதி தருகின்றன. ஆண்மையை அறிந்தும் பெண்மையைப் பற்றிக்கொள்ளச் சொன்ன 28ஆம் இயலை இக்கையேடுகளை எழுதியவர்கள் ஓதி வந்தவர்களே.