வாயிலில் கேட்ட கேள்வி

சென்னைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய சட்டம் 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒப்புதல் பெற்றது. வடக்கே தில்லியைச் சுற்றிப் பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருந்த நாள்கள் அவை. அந்த ஆரவாரம் எதுவும் எட்டாத சென்னையில் அதே மாதம் முதல் மெட்ரிகுலேஷன் தேர்வு நடந்தது. 41 பேர் எழுதினர். 36 பேர் தேறினர். மாநிலம் முழுமைக்கும், ஓராண்டு முழுமைக்கும் பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்தவர் தொகை அவ்வளவே.

மெட்ரிகுலேஷன் என்ற சொல் பெயர்ப் பதிவேட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தொடக்ககாலத் திருச்சபையில் குருக்களின் பட்டியலுக்கும், ஆலயத்தின் உதவியால் வாழ்ந்த ஏழைகளின் பட்டியலுக்கும் இதே சொல்தான் வழங்கியது. ஏழைகளின் பெயரை எழுதி வைத்த ஏடு, பின்னாளில் ஏழைகள் எளிதில் எட்ட முடியாத ஏடாக மாறியது சொற்களின் வரலாற்றில் ஒரு விந்தை. தேர்வில் தேறியவனின் பெயர் பல்கலைக்கழகப் பதிவேட்டில் ஏறும். அதன் பிறகே அவன் மேற்படிப்புக்கு உரியவன். அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகம் பாடம் கற்பிக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் பணி. கற்பித்தவை அதனோடு இணைந்த கல்லூரிகள்.

அதற்கு முன்பு நம் ஊர்களில் கல்வி இல்லாமலில்லை. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கணக்கெடுக்கச் சொன்னார். சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர் என்று 1826இல் அவரே பதிவு செய்தார். அன்றைய தென்னார்க்காட்டு மாவட்டத்தில் அடங்கிய ரிஷிவந்தியம் போன்ற ஊர்களில் கல்வி என்றால் திண்ணைப் பள்ளிதான். விசயதசமியன்று ஆசிரியருக்குக் காணிக்கை வைத்து, பரப்பிய மணலில் விரல் பிடித்து எழுதினால் சேர்க்கை முடிந்தது. நுழைவுத் தேர்வு கிடையாது. ஆனால் எந்தத் தெருப் பிள்ளை என்ற கேள்வி இருந்தது. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இயலாத பிள்ளைகள் திண்ணையின் ஓரத்தில்கூட நிற்கவில்லை. பழைய கல்வியைப் போற்றி எழுதுவோர் பலர் இதை ஏனோ ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர்.

இனி இங்கிலாந்தின் வாயிலைப் பார்ப்போம். 1581 முதல் ஆக்ஸ்போர்டில் பெயர் பதிவு செய்ய விரும்பியவன் ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளையும் ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். அறிவு பிறகு, நம்பிக்கை முதலில். கேம்பிரிட்ஜ் உள்ளே நுழையவிட்டது, பட்டம் பெறும் நாளில் அதே கேள்வியைக் கேட்டது. 1829இல் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமை பெற்றனர். ஆனால், நாட்டுக்குச் சட்டம் இயற்றத் தகுதி பெற்ற ஒருவர் தம் மகனை ஆக்ஸ்போர்டில் சேர்க்க 1854ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜுக்கு 1856இல் அத்தகைய சட்டம் வந்தது. எஞ்சிய தடைகள் பெரும்பாலும் 1871இல் நீங்கின. ஆக்ஸ்போர்டின் புகழ்மிக்க ஆசிரியராக விளங்கிய ஜான் ஹென்றி நியூமன் 1845இல் கத்தோலிக்கரானபோது, தாம் பெரிதும் நேசித்த அப்பல்கலைக்கழகத்தை விட்டு விலக நேர்ந்தது. 2019இல் புனிதராக உயர்த்தப்பட்டவர் இவரே.

வாயில் திறந்த பின்பு நம்மவர் செய்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கத்தோலிக்க இளைஞர் ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் செல்வதை உரோமை 1867இல் கண்டித்தது. அந்தத் தடை 1895இல்தான் தளர்ந்தது. நம்பிக்கைக்கு ஊறு நேருமோ என்ற அச்சம் அதற்குக் காரணம். அச்சத்தில் நியாயம் இருக்கலாம். ஒரு தலைமுறை இளைஞருக்கு ஏற்பட்ட இழப்பும் உண்மையே.

இந்தியாவில் பல்கலைக்கழகங்கள் அமைக்க 1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கை வழி கண்டபோது, அது முன்மாதிரியாகக் கொண்டது ஆக்ஸ்போர்டை அன்று; சமயச் சோதனை இல்லாமல் 1836இல் பட்டயம் பெற்ற இலண்டன் பல்கலைக்கழகத்தை. ஆகவே, சென்னை வாயிலில் உன் மதம் எது, உன் சாதி எது என்ற கேள்வி தகுதிக்கான நிபந்தனையாக எழவில்லை. ஆக்ஸ்போர்டு தன் கதவை முழுமையாகத் திறப்பதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே சென்னையில் அது எல்லாச் சமயத்தாருக்கும் திறந்திருந்தது. இதை நாம் போதிய அளவு நினைவில் வைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

ஆனால் வாயிற்படி உயரமானது. அதன் பெயர் ஆங்கிலம். ஆங்கிலமும் இன்னொரு மொழியும், கணிதமும், வரலாறும், புவியியலும் தேர்வில் இருந்தன. தமிழைக் கற்றவன் தமிழையே இரண்டாம் மொழியாகக் கொள்ளலாம். மற்றப் பாடங்களுக்கு ஆங்கிலத்தில்தான் விடை எழுத வேண்டும். புகைவண்டி எட்டாத ரிஷிவந்தியத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி கட்டிச் சென்னை சேர்வதைவிட, அந்த மொழியைச் சேர்வதே நெடும்பயணமாக இருந்தது.

இவ்விடத்தில் 1844ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு அக்டோபரில் ஆளுநர் நாயகம் ஹார்டிஞ்ச், அரசு வேலைகளில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்க்கு முன்னுரிமை என அறிவித்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியில் ஆயர் பொன்னான் தலைமையில் கூடிய ஆயர்மன்றம் பள்ளிகளைப் பெருக்கவும் உள்நாட்டுக் குருக்களை உருவாக்கவும் முடிவு செய்தது. அதன் தொடர்ச்சியாகத் தந்தை துய்புய் பெண்கல்விக்கென மரியாவின் மாசற்ற இருதய சகோதரிகள் சபையை அக்டோபரில் நிறுவினார். நாகப்பட்டினத்தில் இயேசு சபையார் புனித வளனார் கல்லூரியைத் தொடங்கியதும் அவ்வாண்டே. அது 1866இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது. அரசாணையும் ஆயர்மன்றமும் ஒன்றையொன்று அறிந்து நடந்தவை அல்ல. ஆயினும், ஒன்று உயர்த்திய வாயிற்படியில் ஏற மற்றொன்று ஏணி செய்துகொண்டிருந்தது.

1858இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டத்தைப் பெற்றவர் இருவர், இருவரும் யாழ்ப்பாணத்தார். ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை; மற்றவர் கரோல் விசுவநாத பிள்ளை. சென்னையில் படித்தோரை முந்திக்கொண்டு கடல் கடந்து வந்தோர் வென்றது எப்படி? வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823 முதல் 1855 வரை நடத்திய குருத்துவக் கல்லூரியில் அவர்கள் ஆங்கிலமும் தமிழும் அறிவியலும் சேர்த்துக் கற்றிருந்தனர். வாயிற்படி எங்கே உயரமோ, அங்கே பள்ளி எங்கே இருக்கிறது என்பதே விதி. தாமோதரம் பிள்ளை பின்னர் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஆங்கிலத் தேர்வில் முதலில் தேறியவரே பழந்தமிழுக்கும் காவலரானார்.

வாயிலைக் கடக்காமலே பெரியோரானவர்களும் உண்டு. தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட நம் மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826இல் பிறந்தவர். அவர் இளைஞராயிருந்தபோது இங்கே பல்கலைக்கழகமே இல்லை; எனினும் முன்சீப்பாகப் பணியாற்றினார். உ. வே. சாமிநாதையர் மெட்ரிகுலேஷன் எழுதியவரல்லர். 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1932இல் அதே சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

இராமானுஜனின் கதை இதைவிடக் கசப்பானது. 1903இல் மெட்ரிகுலேஷன் தேறி, உதவித்தொகையுடன் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. பச்சையப்பன் கல்லூரி வழியாக எப்.ஏ. தேர்வு எழுதியும் தோற்றார். கணிதத்தில் எவரும் எட்டாத உயரத்தில் இருந்தாலும், எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் கதவு திறக்கும் என்பது விதி. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913இல் பல்கலைக்கழகம் தன் விதியைத் தளர்த்தி, பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. உரிய தகுதிச்சான்று இல்லாத அவரைக் கேம்பிரிட்ஜ் 1914இல் சேர்த்துக்கொண்டது. ஒரு காலத்தில் முப்பத்தொன்பது கோட்பாடுகளை நீட்டிய அதே கேம்பிரிட்ஜ்! 1916இல் பட்டமும் தந்தது. விதியைத் தளர்த்தத் துணிந்த சிலர் இருந்தமையால் இராமானுஜன் நமக்குக் கிடைத்தார். தளர்த்துவார் இல்லாமல் திரும்பியோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

1911 அளவில் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. பள்ளியிறுதி முடித்தவர் எல்லாரும் கல்லூரிக்குத் தகுதியானவர் அல்லர் என்ற பிரிவினை அதிலும் இருந்தது. பிறகு இண்டர்மீடியட், புகுமுக வகுப்பு, 1978 முதல் மேனிலைப் பள்ளி என்று வாயில்கள் மாறின. வகுப்புவாரி ஆணையின்படி தொழிற்கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 1 இடம் இருந்தது. அந்த ஆணையை உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் செல்லாதென்றது. அவ்வாண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து இட ஒதுக்கீட்டைக் காத்தது. சாதிச் சான்றிதழ் அன்றுமுதல் கல்லூரி வாயிலில் மதிப்பெண் பட்டியலுக்குத் துணையாக நிற்கிறது. நூற்றாண்டுகளாகத் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்க்கு அது நியாயமான துணை.

ஆனால் அந்தச் சான்றிதழின் வழியாகப் பழைய கேள்வி ஒன்று திரும்ப வந்தது. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளிவந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. பட்டியல் சாதியிலிருந்து திருமுழுக்குப் பெற்றவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். கிறிஸ்தவருக்கெனத் தனியே 3.5 விழுக்காடு 2007இல் தரப்பட்டதும், பயனில்லை என்று நம்மவரே வேண்ட 2008இல் விலக்கப்பட்டதும் வேறு கதை. மதம் மாறினாலும் பட்டியல் சாதித் தகுதி நீடிக்க வேண்டுமென இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. மீண்டும் ஆராய 2022இல் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

பழங்குடியினர் பட்டியலில் இந்தச் சமய நிபந்தனை இல்லை. 1970கள் வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மாணவன் ஒருவன் திருமுழுக்குப் பெற்றால், அவன் சான்றிதழ் மாறாது. மலையடிவாரத்தில், ரிஷிவந்தியம் பக்கத்தில், பட்டியல் சாதி மாணவன் ஒருவன் அதே திருமுழுக்கைப் பெற்றால் அவன் சான்றிதழ் மாறிவிடும். கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. ஒரே ஆலயத்தில் திருப்பலி காணும் அவ்விருவரும் ஒரே மதிப்பெண்ணுடன் அக்கல்லூரிக்கு விண்ணப்பித்தால், இருவேறு வரிசைகளில் நிறுத்தப்படுவார்கள்.