முன் அச்சுக்கு ஒரு லிவர்

பழைய வில்லிஸ் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் காலடித் தரையிலிருந்து மூன்று லிவர்கள் முளைத்து நிற்கும். நெட்டையானது எல்லா வண்டியிலும் இருக்கிற கியர் லிவர். அதை ஒட்டி நிற்கும் இரண்டு குட்டை லிவர்களில் ஒன்று முன் அச்சுக்கு இன்ஜினின் இழுவையைக் கொடுக்கவும் நிறுத்தவும். மற்றொன்று வேகத்தைப் பாதியாக்கி இழுவையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும் ‘லோ’ கியருக்கு. பிக்அப் வாங்கப் போகிறவர்கள் இன்று ஷோரூமில் நின்று கேட்கிற “டூ வீலா, ஃபோர் வீலா?” என்ற கேள்வி, அந்த முன் அச்சு லிவரில்தான் தொடங்குகிறது. ஆனால் அன்று அது வாங்குகிறவருடைய கேள்வி அல்ல. இரண்டும் ஒரே வண்டிக்குள் இருந்தன. எது வேண்டும் என்பதை ஓட்டுகிறவர் வழிநெடுக, மண்ணைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்துகொண்டே போனார்.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி ஜீப்புக்கு முன்பே வந்துவிட்டது. நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் 1903-இல் அப்படி ஒரு பந்தயக் கார் செய்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கிளின்டன்வில் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த ஆட்டோ சாக்கோவும் வில்லியம் பெசர்டிக்கும் 1908-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் லாரிகள் முதல் உலகப் போரில் ஓடின. எல்லோருக்கும் தலைவலியாக இருந்தது முன் சக்கரம்தான். பின் சக்கரம் நேராக உருண்டால் போதும். முன் சக்கரம் இடமும் வலமும் திரும்ப வேண்டும். திரும்பிய நிலையிலும் இழுவையைச் சுற்றுக் குறையாமல் வாங்க வேண்டும். சாதாரண யுனிவர்சல் ஜாயின்ட் வளைந்த நிலையில் ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் ஏறி இறங்கும், ஸ்டியரிங் கையில் உதறும். ஆல்ஃபிரட் ஜெப்பா 1920களில் ஆறு எஃகு உருண்டைகளை வரிப்பள்ளங்களுக்குள் அடைத்து ஒரு ஜாயின்ட்டை உருவாக்கினார். எந்தக் கோணத்தில் வளைந்தாலும் உள்ளே வருகிற வேகம் அப்படியே வெளியே போகும். நான்கு சக்கர இழுவையைச் சாமானிய வண்டிக்குக் கொண்டுவந்தவர்களில் முதல் மரியாதை இவருக்குத்தான் என்பேன்.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் சிறிய உளவு வண்டி ஒன்று கேட்டு 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பியது. மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். முன்வந்தவை இரண்டே நிறுவனங்கள். அவற்றில் பென்சில்வேனியாவின் பட்லர் நகரத்து பான்டம், கடனில் மூழ்கிக்கொண்டிருந்த சின்னக் கம்பெனி. அவர்கள் அழைத்து வந்த பொறியாளர் கார்ல் ப்ரோப்ஸ்ட் சில நாளிலேயே முழு வரைபடத்தையும் போட்டு முடித்தார். ஸ்டூடிபேக்கர் காரின் அச்சைத் திருத்தி ஸ்பைசர் நிறுவனம் முன் அச்சும் பின் அச்சும் செய்து கொடுத்தது. செப்டம்பர் 23 அன்று, கெடு முடிகிற நாளில், வண்டி மேரிலாண்டின் ஹோலபர்ட் ராணுவ முகாமுக்குள் நுழைந்தது. ராணுவம் வண்டியை ஏற்றது. பான்டத்தின் வரைபடத்தை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. போர் முடிவதற்குள் அந்த இருவரும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளை இறக்கினார்கள். பான்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. பெற்றவளுக்கு மிஞ்சியது ஜீப்பின் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர் செய்கிற வேலை. இது அநியாயம் என்று எண்பது ஆண்டுக்குப் பிறகும் தோன்றுகிறது.

அந்த ஜீப்பின் டேஷ்போர்டில் ஒரு சின்னத் தகடு பொருத்தியிருப்பார்கள். லிவர்களை எப்படிப் போடுவது என்ற படமும், காய்ந்த கெட்டியான சாலையில் முன் அச்சை விலக்கிவிட்டு ஓட்டு என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கும். ஃபோர் வீல் வண்டி பற்றித் தெரிய வேண்டியதில் பாதி அந்த ஒற்றை எச்சரிக்கையில் அடங்கிவிடுகிறது. ஈர மணலில் ஜீப்பை வளைத்துத் திருப்பிவிட்டு, இறங்கி டயர்த் தடத்தைப் பாருங்கள். முன் டயர்கள் வெளிவட்டத்திலும் பின் டயர்கள் உள்வட்டத்திலும் போயிருக்கும். வெளிவட்டத்தில் போகிற சக்கரம் அதிகத் தூரம் உருள வேண்டும். லிவரைப் போட்டதும் டிரான்ஸ்பர் கேஸ் என்கிற பெட்டி முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. மண்ணில் ஏதோ ஒரு டயர் லேசாகச் சறுக்கி அந்தக் கணக்கை நேர் செய்துகொள்ளும். தார்ச்சாலையில் டயர் சறுக்காது. முறுக்கம் ஷாஃப்டுகளுக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும். ஸ்டியரிங் கனக்கும், லிவர் கழற்ற வராமல் பிடித்துக்கொள்ளும், பிறகு ஏதாவது ஒன்று உடையும். நல்ல ரோட்டிலும் ஃபோர் வீலில் போவது பாதுகாப்பு என்று நினைத்து இத்தகைய வண்டிகளைக் கெடுத்தவர்கள் நம் ஊரில் நிறைய.

அந்தப் பெட்டிக்குள் இன்னொரு நுட்பம். முன் அச்சைச் சேர்க்காமல் லோ கியர் விழாது. உள்ளேயே ஒரு தடை வைத்திருந்தார்கள். இரட்டிப்பான இழுவை முழுவதும் பின் அச்சில் மட்டும் இறங்கினால் அது தாங்காது என்பதால்.

போர் முடிந்து மிச்சமான ஜீப்புகள் பண்ணைகளுக்குப் போயின. வில்லிஸே 1945-இல் குடிமக்களுக்கான ஜீப்பை விற்கத் தொடங்கியது. 1946-இல் ராணுவ லாரியின் உடலோடு டாட்ஜ் பவர் வேகன் வந்தது. தொழிற்சாலையிலிருந்தே நான்கு சக்கர இழுவையோடு பெருமளவில் விற்பனைக்கு வந்த பிக்அப்களில் அதுதான் மூத்தது. மறு ஆண்டு வில்லிஸும் ஒரு பிக்அப் விட்டது. இப்படித்தான் லிவர் சரக்கு வண்டிக்குள் குடியேறியது.

பண்ணையில் வேறு கணக்கு தொடங்கியது. லிவரை விலக்கிவிட்டாலும் முன் சக்கரம் உருளும்போது முன் டிஃபரன்ஷியலும் ஷாஃப்டும் சும்மா கூடவே சுற்றும். பெட்ரோலும் வீண், தேய்மானமும் வீண். சியாட்டில் பக்கம் ஆர்தர் வார்ன் 1948-இல் இதற்கு வழி செய்தார். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் ஒரு பூட்டு. திறந்துவிட்டால் சக்கரம் மட்டும் உருளும், அச்சின் உள்ளுறுப்பெல்லாம் அசையாமல் ஓய்வெடுக்கும். வேண்டும்போது இறங்கி இரண்டு பக்கமும் பூட்ட வேண்டும். சேற்றில் மாட்டிக்கொண்ட பிறகு நினைவு வந்தால், முழங்கால் புதைய மண்டியிட்டு, டயருக்குள் கைவிட்டு, சேற்றை வழித்துவிட்டு, அந்தத் திருகைத் தேடிப் பிடித்துத் திருப்ப வேண்டும். அனுபவப்பட்டவர்கள் தார் முடிகிற இடத்திலேயே வண்டியை நிறுத்தி ஹப்பைப் பூட்டிவிடுவார்கள்.

ஜீப்பின் கிளைகள் வேகமாகப் பரவின. 1948-இல் இங்கிலாந்தில் லேண்ட் ரோவர். 1968-இல் பிறந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்அப்புக்கு 1979-இல் நான்கு சக்கர இழுவை வந்தது. எட்டே ஆண்டில், 1987-இல், சாட் நாட்டுப் படை இத்தகைய டொயோட்டா வண்டிகளில் ஏவுகணைகளைப் பொருத்தி பாலைவனத்தில் லிபியாவின் டாங்கிப் படையை விரட்டியது. அந்தப் போருக்கே ‘டொயோட்டா போர்’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

இந்தியாவுக்கு ஜீப்பைக் கொண்டுவந்தது 1945-இல் மஹிந்திரா அண்ட் முகமது என்று தொடங்கிய கம்பெனி. பங்காளிகளில் ஒருவரான குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சராகப் போனார்; பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. பாகங்களாக வந்த வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டினார்கள். தாசில்தார், வனத்துறை, போலீஸ், தேர்தல் பிரசாரம் என்று அது ஏறாத மேடு இல்லை. பிறகு டீசல் இன்ஜின் வந்தது. ஜீப் ஆள் ஏற்றும் வண்டியானதும் முன் அச்சுக்கு இழுவை போகாத, விலை குறைந்த ஜீப்புகளும் வந்தன. வெளியிலிருந்து பார்த்தால் அதே ஜீப்தான். உள்ளே லிவர் இருக்காது. கேள்வி ஓட்டுகிறவரின் கையைவிட்டு வாங்குகிறவரின் பணப்பைக்கு இடம் மாறியது இந்த இடத்தில்தான்.

இரண்டின் வேறுபாடும் கண்ணெதிரே தெரிகிற இடம் எங்கள் தேனி மாவட்டத்து எல்லை. விடியும் முன்பே போடியிலும் கம்பத்திலும் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பும். அளவுக்கு மீறி ஆளை அடைத்துக்கொண்டு போகிற அந்தப் பயணத்தைப் பார்க்கிறபோதெல்லாம் மனசு பதறுகிறது. ஆனால் போடிமெட்டு ஏறுகிற வரைக்கும் அது தார்ச்சாலை. நல்ல பிரேக்கும் நல்ல டயரும் இருந்தால் டூ வீல் வண்டிக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. தார் முடிந்து தோட்டத்துக்குள் திரும்புகிற மண்பாதையில்தான் கதை மாறும். தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தும் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகவே வண்டி போக முடிகிற கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பாறையும் பள்ளமுமான பாதையில் ஜீப் தவிர வேறெதுவும் ஏறுவதில்லை. முதல் மேட்டுக்கு முன்பே ஓட்டுநரின் கை குட்டை லிவருக்குப் போய்விடும். பிறகு ஆள் நடக்கிற வேகத்தில், ஒவ்வொரு கல்லாகப் பார்த்துச் சக்கரத்தை வைத்து ஏறுவார்.

பிக்அப்புக்கு ஜீப்பில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. இன்ஜினும் கேபினும் முன்னால். பின்னால் வெறும் தொட்டி. சுமை ஏற்றினால் பின் டயர் மண்ணை அழுத்திப் பிடிக்கிறது. இறக்கிவிட்டால் பின்பக்கம் லேசாகி, ஈரப்புல்லில் கூடச் சுழல்கிறது. உர மூட்டையோடு மேடேறிய டூ வீல் பிக்அப், மூட்டையை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும்போது மாட்டிக்கொள்வது இதனால்தான். அனுபவமுள்ளவர்கள் பின் அச்சுக்கு நேர் மேலே மணல் மூட்டை போட்டுக்கொள்வார்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைப்பார்கள். பெரும்பாலான இடங்களில் அது போதும். இன்னொன்று, ஃபோர் வீல் என்றால் நான்கும் இழுத்தே தீரும் என்பதில்லை. சாதாரண டிஃபரன்ஷியல் எந்தச் சக்கரம் சுழல்கிறதோ அதற்கே வேகத்தை விட்டுக்கொடுக்கும். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் சேற்றில் சுற்றினால் ஃபோர் வீல் வண்டியும் நின்ற இடத்தில் நிற்கும். பின் டிஃபரன்ஷியலில் லாக் உள்ள டூ வீல் பிக்அப், லாக் இல்லாத ஃபோர் வீலுக்கு அருகில் வந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஏற்றத்துக்காகத்தான் ஃபோர் வீல் என்று பலரும் நினைக்கிறார்கள். இறக்கத்தில்தான் அதன் அருமை தெரியும். மழையில் ஊறிய செம்மண் சரிவில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். டூ வீலில் முதல் கியரில் இன்ஜினை வைத்துப் பிடித்தால் அந்தப் பிடி பின் சக்கரத்தில் மட்டும் விழும். லேசான பின்பக்கம் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். லோ கியரில் நான்கு சக்கரத்துக்கும் பிடி சமமாகப் போவதால் பிரேக்கைத் தொடாமலே வண்டி ஊர்ந்து இறங்கும். ஆனால் நனைந்த தார்ச்சாலையில் அவசரமாக நிறுத்த இந்த லிவர் எந்த உதவியும் செய்யாது. பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்தில்தான். அங்கே காப்பாற்றுவது டயர்.

மஹிந்திரா 2020 அக்டோபரில் விட்ட புதிய ‘தார்’ ஜீப், ஃபோர் வீலாக மட்டுமே வந்தது. அதில் அந்தக் குட்டை லிவரை அப்படியே விட்டுவைத்தார்கள். 2023 ஜனவரியில் பின் சக்கர இழுவை ‘தார்’ வந்தபோது தொடக்க விலை 9.99 லட்சம். லிவர் இருந்த இடத்தில் சாமான் வைக்கும் ஒரு சிறு குழி. ஸ்ரீசிட்டியில் உருவாகும் இசுசு வி-கிராஸ் பிக்அப்பில் லிவருக்குப் பதில் ஒரு திருகுகுமிழ். அதிலும் 2021-இல் டூ வீல் வகை வந்துவிட்டது. பொலேரோ பிக்அப்பிலும் கேம்பரிலும் ஃபோர் வீல் வந்திருந்தாலும் நம் சாலைகளில் காய்கறியும் சிமென்டும் சுமந்து ஓடுபவை பெரும்பாலும் டூ வீல்தான். அந்த வண்டிக்காரர்கள் செய்தது சரியான தேர்வு. கூடுதல் டிஃபரன்ஷியல், கூடுதல் ஷாஃப்ட், டிரான்ஸ்பர் கேஸ் எல்லாம் சேர்ந்த எடையை ஆண்டு முழுக்க டீசல் போட்டுச் சுமக்க ஒட்டன்சத்திரத்து மார்க்கெட்டுக்குப் போகிற வண்டிக்கு என்ன தேவை?

மலைத்தோட்டம் வைத்திருப்பவர் வாங்கும் முன் தன் பாதையை ஐப்பசி மழையில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். மேட்டைவிட இறக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஏலக்காய் ஸ்டோரிலிருந்து தார் ரோடு வரை வழுக்குகிற சரிவு ஒன்று இருந்தாலும் ஃபோர் வீல் வாங்கத் தயங்க வேண்டாம். பாதை சில நூறு மீட்டர் கரடுதான், சரிவு இல்லை என்றால் டூ வீலை எடுத்து, மிச்சப் பணத்தில் நல்ல மண்பாதை டயர் போட்டு, கல்லடுக்கிப் பாதையைச் சீராக்கலாம். பழைய ஃபோர் வீல் வண்டி பார்க்கப் போகிறவர், மண்தரையில் லிவரைப் போடச் சொல்லி இரண்டு பக்கமும் வளைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்பக்கம் டக்டக் என்று சத்தம் வந்தால் ஜாயின்ட் போய்விட்டது. வாங்கிய பிறகு கோடையிலும் மாதம் ஒருமுறை மண்ணில் லிவரைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். முன் டிஃபரன்ஷியலில் ஆயில் எங்கும் படியும், சீல் காயாது, மழை தொடங்குகிற அன்றைக்கு லிவர் தகராறு பண்ணாமல் விழும்.