உலகின் மிகப்பெரிய நாய் இனங்கள்

மிகப்பெரிய நாய் இனம் எது என்பதற்கான விடை, உயரத்தைக் கணக்கில் எடுப்பதா எடையை எடுப்பதா என்பதைப் பொறுத்து மாறும். உயரத்தில் ஜெர்மனியின் கிரேட் டேனும் அயர்லாந்தின் உல்ஃப்ஹவுண்டும் முந்துகின்றன. எடையில் இங்கிலாந்தின் மாஸ்டிஃபும் ஆல்ப்ஸ் மலையின் செயின்ட் பெர்னார்டும். நாயின் உயரம் தலை உச்சிவரை அளக்கப்படுவதில்லை. தரையிலிருந்து, கழுத்து முதுகோடு சேரும் தோள்மேடு வரை உள்ள அளவே கணக்கு. வளர்ந்தபின் 45 கிலோவைத் தாண்டும் இனங்களைப் பொதுவாகப் பேரின நாய்கள் என்பர்.

பெயரில் டென்மார்க் இருந்தாலும் கிரேட் டேன் ஜெர்மனியில் உருவான இனம். காட்டுப்பன்றியை விரட்டிப் பிடித்து, வேட்டைக்காரர் வரும்வரை விடாமல் இறுக்கி வைப்பது அதன் முன்னோரின் வேலை. நல்ல நாய்கள் பிரபுக்களின் படுக்கையறைக் காவலுக்கும் வைக்கப்பட்டன. பன்றி வேட்டை அருகியபின் அந்த அரண்மனை வாழ்வே நிலைத்தது. கடுவன் குறைந்தது 80 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்பது இன்றைய தர விதி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்த ஸீயஸ் என்ற கிரேட் டேன் 111.8 செ.மீ. உயரத்துடன், பதிவான நாய்களிலேயே மிக உயரமானதாக கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. அது 2014இல் ஐந்து வயதில் இறந்தது.

ஐரிஷ் உல்ஃப்ஹவுண்டின் பழமை எழுத்தில் பதிவானது. கி.பி. 391இல் ரோமானியப் பிரமுகர் சிம்மாக்கஸ், அயர்லாந்திலிருந்து வந்த ஏழு வேட்டை நாய்களை ரோம் நகரம் வியந்து பார்த்ததாகக் கடிதம் எழுதியிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் ஓநாய்கள் பெருகியிருந்தன. இந்த நாய்களை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று இங்கிலாந்தின் கிராம்வெல் அரசு 1652இல் தடை விதித்தது. அத்தீவின் கடைசி ஓநாய் 1786இல் கொல்லப்பட்டதாகச் சொல்வர். வேலை போனதும் நாயும் ஏறக்குறைய மறைந்தது. 1860களில் கேப்டன் ஜார்ஜ் கிரஹாம் எஞ்சியிருந்த சில நாய்களை ஸ்காட்டிஷ் டீர்ஹவுண்ட், கிரேட் டேன், போர்சோய் ஆகியவற்றுடன் கலந்து இனத்தை மீட்டெடுத்தார். ஆகவே இன்று காணும் உருவத்தில் பாதி பழைய அயர்லாந்துடையது, பாதி கிரஹாமின் கைவேலை. அவர் மீட்ட காலத்தில் அந்நாட்டில் வேட்டையாட ஓநாயே இல்லை.

எடைச் சாதனை ஸோர்பா என்ற இங்கிலிஷ் மாஸ்டிஃபுடையது. லண்டனில் 1989 நவம்பரில் நிறுத்தபோது அது 155.6 கிலோ இருந்தது. சாதனைக்காக வளர்ப்பு விலங்குகளுக்கு அளவுமீறித் தீனி போடுவதைத் தவிர்க்க, கின்னஸ் நிறுவனம் அந்த எடைப் பிரிவையே பிறகு கைவிட்டது. மாஸ்டிஃப் நெடுங்காலம் மாளிகை வாசலில் சங்கிலியில் கிடந்த காவல் நாய். கரடியோடு மோதவிடும் கொடிய பொழுதுபோக்கிலும் பயன்பட்டது. அந்த விளையாட்டு 1835இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் உணவுப் பஞ்சத்தில் பிரிட்டனில் இந்த இனம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த நாய்களே அதைத் திரும்பப் பெருக்கின.

செயின்ட் பெர்னார்ட், சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் 2,469 மீட்டர் உயரக் கணவாயின் பெயரைத் தாங்கியது. அங்கே துறவிகள் நடத்தும் வழிப்போக்கர் சத்திரம் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் காவலுக்கென்று அங்கு நாய்கள் வந்தன. பனிமூடிய பாதையைக் கண்டுபிடிக்கவும், பனியில் புதைந்தவர்களை மோப்பம் பிடிக்கவும் துறவிகள் பின்னர் அவற்றைப் பழக்கினர். அவற்றில் 1800இல் பிறந்த பேரி, நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியதாகப் புகழ்பெற்றது. அதன் பாடம் செய்த உடல் இன்றும் பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காப்பாற்றப்பட்ட ஒருவனே அதை ஓநாயென்று நினைத்துக் குத்திக் கொன்றான் என்ற கதை பொய்; பேரி ஓய்வுக் காலத்தைப் பெர்ன் நகரில் கழித்து 1814இல் இறந்தது. கழுத்தில் தொங்கும் பிராந்திப் பீப்பாயும் எட்வின் லேண்ட்சீர் 1820இல் தீட்டிய ஓவியத்திலிருந்து பரவியதே.

பேரியின் எடை சுமார் 40 முதல் 45 கிலோதான். இன்றைய செயின்ட் பெர்னார்ட் அதைப்போல ஒன்றரை மடங்கு, சில சமயம் இருமடங்குகூட இருக்கும். பனிச்சரிவிலும் கடுங்குளிரிலும் பல நாய்கள் மாண்டபின், 19ஆம் நூற்றாண்டில் நியூஃபவுண்ட்லாந்து இனத்தோடு கலப்பு நடந்தது. கிடைத்ததோ நீண்ட முடி; அதில் பனி உறைந்து கட்டியானதால் அந்நாய்கள் மலை வேலைக்கு உதவவில்லை. கீழே பள்ளத்தாக்கில் அவற்றை வாங்க ஆள் இருந்தது. 1859இல் நியூகாஸிலில் தொடங்கிய நாய்க் கண்காட்சி வழக்கம் ஐரோப்பா முழுதும் பரவ, பரிசு பெரும்பாலும் பருத்த உடலுக்கும் பெரிய தலைக்கும் போனது. வேலை குறையக் குறைய உருவம் பெருத்தது என்பதே பல பேரினங்களின் வரலாறு.

நியூஃபவுண்ட்லாந்து, கனடாவின் கிழக்குக் கரை மீனவர்களின் நாய். விரலிடைச் சவ்வும் நீர் ஊறாத அடர்முடியும் கொண்டது, நீச்சலில் தேர்ந்தது. ஜெர்மனியின் லியோன்பெர்க் நகரத்து ஹைன்ரிக் எஸ்ஸிக் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய லியோன்பெர்கர் இனத்திலும் அதன் இரத்தம் உண்டு.

இன்றும் பிழைப்புக்காக உழைக்கும் பேரினங்கள் பெரும்பாலும் மந்தைக்காவல் நாய்களே. துருக்கியின் சிவாஸ் பகுதிக் கங்கல், ஓநாயின் பல் கழுத்தில் இறங்காதிருக்க முள்பதித்த இரும்புப் பட்டையோடு ஆட்டுக் கிடையைக் காக்கிறது. இதே துருக்கிய வகை நாய்களை 1994 முதல் நமீபியாவின் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் பண்ணையாளர்களுக்குக் கொடுத்துவருகிறது. நாய் மந்தையைக் காப்பதால் சிவிங்கிப்புலியைச் சுட வேண்டிய தேவை குறைகிறது. கங்கல் பெரும்பாலும் 50 முதல் 60 கிலோ எடையோடு, ஓடக்கூடிய உடலோடு இருக்கிறது. மந்தையோடு நாள் முழுதும் நடக்க 100 கிலோ நாயால் முடியாது. திபெத்திய மாஸ்டிஃப் காற்று மெலிந்த பீடபூமியில் வாழ உதவும் மரபணு மாற்றத்தை அங்குள்ள ஓநாய்களிடமிருந்து பெற்றது என ஆய்வுகள் காட்டுகின்றன. சீனாவில் அதன் விலை கோடிகளில் ஏறியதும், மோகம் தணிந்தபின் பல நாய்கள் தெருவில் விடப்பட்டதும் அண்மைக்கால வரலாறு.

நாயின் உருவ அளவைத் தீர்மானிப்பதில் ஐ.ஜி.எஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணியின் மரபணுவுக்குப் பெரிய பங்குண்டு என்று 2007இல் தெரியவந்தது. சிறிய உருவத்துக்கான வடிவம் சுமார் 54,000 ஆண்டுக்கு முந்தைய ஓநாய் ஒன்றிலேயே இருந்ததாக 2022இல் கண்டறியப்பட்டது. மனிதன் புதிதாக எதையும் படைக்கவில்லை. இருந்ததைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினான்.

பேருருவத்துக்கு விலை ஆயுள். கிரேட் டேனும் உல்ஃப்ஹவுண்டும் பெரும்பாலும் ஏழெட்டு ஆண்டுகளே வாழ்கின்றன. சிறிய இனங்கள் பல பதினான்கைத் தாண்டுகின்றன. கூடும் ஒவ்வொரு இரண்டு கிலோவுக்கும் சுமார் ஒரு மாத ஆயுள் குறைவதாக 2013இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதயத் தசை நலிவு, எலும்புப் புற்று, இடுப்பு மூட்டுக் கோளாறு ஆகியவை அடிக்கடி வருகின்றன. ஒன்றரை ஆண்டில் எடை ஏறத்தாழ நூறு மடங்காகும் குட்டிகளுக்கு, கால்சியம் மிகுந்தாலும் எலும்பு கோணும். அவற்றை மெதுவாக வளர்ப்பதே மருத்துவர்களின் பரிந்துரை. ஆழ்ந்த மார்புடைய இனங்களில் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். இதைத் தடுக்க, கருத்தடை அறுவையின்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடும் முறை இப்போது பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது.